இல்லாத வரைபடம்

பொம்மைக்குச் சட்டை தைப்பதில் எது பாடாய்ப் படுத்தும், சொல்லுங்கள் பார்ப்போம்?

கைதான். சுண்டுவிரல் தடிமனில் இருக்கும் கைக்கு அளவெடுத்து, வரைந்து, வெட்டி, தோள் வளைவில் சுருக்கமில்லாமல் உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பெரிய மருமகள் தையல் வகுப்புக்கே போய்ப் படித்தவள். ஆனாலும் அவள் தைத்த கை, இறக்கை முளைத்த மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். சின்ன மருமகள் தைத்ததோ, பொம்மையோடு கூடப் பிறந்த மாதிரி இருக்கும்.

"அந்தக் கை வரைபடத்தைக் கொஞ்சம் காட்டேன்டி."

"அதெல்லாம் எதுக்குக்கா!" என்று சிரித்து மழுப்புவாள் சின்னவள். துணி வெட்டும்போது அறைக்கதவையும் சாத்திக்கொள்வாள்.

"தொழில் ரகசியமாம்! ஒளிச்சு வச்சிருக்கா, கல்நெஞ்சுக்காரி" என்று தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள் பெரியவள்.

அன்று சின்னவள் குளிக்கப் போன நேரம். தைத்து வைத்திருந்த சட்டை ஒன்றின் கையைப் பிரித்தாள் பெரியவள். காகிதத்தில் வைத்து வரைந்துகொண்டாள். அவசர அவசரமாகத் திரும்பத் தைத்து வைத்துவிட்டாள்.

சாயங்காலம், இவர்களிடம் சட்டை தைக்கக் கொடுக்கும் பொம்மைக்கடை அம்மா வந்தார். சட்டையைப் பொம்மைக்கு மாட்டிப் பார்த்தார்.

"என்ன இது, யாரையோ அறையப் போற மாதிரி கை திருகிக்கிட்டு நிக்குது? முன்பக்கத்தைப் பின்னால வச்சுத் தைச்சிருக்கியேம்மா! இப்படின்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

பெரியவள் மெல்லக் கதவோரமாக ஒதுங்கினாள்.

சின்னவள் அந்தத் தையலையே உற்றுப் பார்த்தாள். "என் தப்புதாம்மா. நாளைக்குச் சரி பண்ணித் தர்றேன்."

கடை அம்மா போனதும் பெரியவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சின்னவளின் அறைக்குள் போனாள்.

"அந்தக் கை... வந்து..."

"தெரியும்க்கா. நான் இடது கைக்காரி. என் முடிச்சு இந்த ஓரத்துலயா விழும்?"

"அப்புறம் ஏன்டி காட்டிக் கொடுக்கலை?"

"அசலார் முன்னாடி உங்களைத் தலைகுனிய விடுவேனா? வரைபடம்னு ஒண்ணு இருந்தா அன்னைக்கே கொடுத்திருப்பேனே."

"இல்லையா?"

"துணியைப் பொம்மைக் கையில சுத்தி, குண்டூசி குத்தி, கண் மதிப்புல வெட்டறேன். டேப்புல கால் எது, அரை எதுன்னு எனக்குப் படிக்கத் தெரியாதுக்கா. அதுக்குத்தான் கதவைச் சாத்தறது."

பெரியவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களை நம்பித்தான் சொல்றேன். தெருவுல யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா!"