எதிரியின் பெயர்

எங்கள் ஸ்காட்லாந்து மலைக்கிராமத்தில் இருப்பது ஒரே விடுதி, டார்க்கில் மெக்ரிகருடையது. வாசலில் "கேம்பெல் குலத்தாருக்கு இடமில்லை" என்று பலகை மாட்டியிருக்கிறான். சுற்றுலா வருகிறவர்கள் வேடிக்கை என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். அவன் வேடிக்கை செய்கிற ஆள் இல்லை.

அன்று மத்தியானம் கொட்டுகிற மழையில் கனடாக்காரி ஒருத்தி சொட்டச் சொட்ட வந்து அறை கேட்டாள். நான் ஓரமாக உட்கார்ந்து பியர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"பேரு?"

"ஐலா கேம்பெல்."

டார்க்கில் எடுத்த சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினான். "வாசல்ல போட்டிருக்கறதப் படிக்கலயா?"

"படிச்சேன். நானூறு வருஷத்துப் பகைக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"வெளிய போ. உங்க ஆளுங்க எங்கள நாய் விட்டு வேட்டையாடினாங்க. மெக்ரிகர்னு பேரைச் சொன்னாலே தூக்குல போட ராஜா சட்டம் போட்டான். தெரியுமா உனக்கு?"

"அப்போ உங்க ஆளுங்க என்ன பண்ணாங்க?"

"வேற வேற பேர்ல ஒளிஞ்சிருந்தாங்க. சட்டம் போனதும் சொந்தப் பேருக்கே வந்துட்டோம்."

"எல்லாருமா?"

"மானம் உள்ளவங்க எல்லாரும்."

அவள் நனைந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எதிரி பேர்ல ஒளிஞ்சா எவன் தேடுவான்னு எங்க முப்பாட்டன் ஒருத்தன் கேம்பெல்னு வச்சுக்கிட்டான். சட்டம் போறதுக்கு முந்தின வருஷம் கப்பல் ஏறிட்டான். இனிமே மெக்ரிகர்னே சொல்லிக்கலாம்னு கனடாவுக்கு வந்து யாரும் சொல்லல."

டார்க்கில் மெதுவாகச் சாவியை எடுத்து நீட்டினான்.

"வேணாம்," என்றாள். "பலகை இருக்கில்ல."