காணாமல் போன விடைப் புத்தகம்

"பையைக் கவிழ்த்துக் காட்டு" என்றார் வாத்தியார்.

தையல்காரர் மகள் கவிழ்த்தாள். ஒரு சிலேட்டு, உடைந்த பலப்பம், கடைத் துண்டுத் துணியில் தைத்த கைக்குட்டை, முனை மடங்கிய இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம். அவ்வளவுதான்.

"இதுல இருக்காதுன்னு எனக்கும் தெரியும். எடுத்தவ பையிலயா வச்சுக்கிட்டுச் சுத்துவா?"

கதவோரம் தையல்காரர் நின்றிருந்தார். ஆள் விட்டுக் கூப்பிட்டதும், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார்.

"என் பொண்ணு அப்படிச் செய்ய மாட்டாங்க, ஐயா."

"எல்லா அப்பாவும் இதைத்தான் சொல்றாங்க."

காணாமல் போனது விடைப் புத்தகம். இங்கிலீஷ் பாடப் புத்தகமெல்லாம் கப்பலில் வந்த காலம் அது. பிள்ளைகளின் இலக்கணப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகத் தப்பான வாக்கியங்களையே அச்சடித்திருப்பார்கள். அவற்றைத் திருத்தி எழுதுவதுதான் பாடம். சரியான வாக்கியங்கள் தனியாக வேறொரு புத்தகத்தில் இருக்கும். அது வாத்தியார்களுக்கு மட்டும்.

வாத்தியாருக்கு அதில் இருப்பதுதான் சரி. அதில் 'சந்தோஷம்' என்று இருக்கிற இடத்தில் ஒரு பிள்ளை 'மகிழ்ச்சி' என்கிற மாதிரி எழுதிவிட்டால், கையை நீட்ட வேண்டியதுதான். பள்ளிக்கூடம் நடந்தது அவர் வீட்டு முன்னறையில். சிவந்த கைகளுக்கு எண்ணெய் தடவி விடுவது அவர் மனைவி, உள்ளே அடுக்களையில்.

புத்தகம் போனதிலிருந்து பிரம்புக்கும் வேலையில்லை. எதோடு ஒப்பிட்டுத் தப்பென்று அடிப்பது?

"எலி கிலி இழுத்துட்டுப் போயிருக்கும்ங்க" என்றாள் உள்ளிருந்து வாத்தியார் மனைவி.

"ஆமாம், நம்ம வீட்டு எலி இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்குது. நீ சும்மா இரு."

அவர் தையல்காரர் பக்கம் திரும்பினார்.

"முன்னெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் தப்பு விடுவா. இப்ப ஒண்ணுகூடத் தப்பில்லை. புத்தகம் போன பிறகுதான் இந்த ஞானம் வந்திருக்கு. நான் என்னன்னு நினைக்கிறது?"

"கடையில பொத்தான் தைச்சுக்கிட்டே படிக்கிறா, ஐயா. பரீட்சை எழுதி ஆசிரியைப் பயிற்சிக்குப் போகணும்னு..."

"அதுக்குப் பேர் அனுப்புறவன் நான். திருட்டுப் பிள்ளையை அனுப்பினா என் பேரு என்ன ஆகும்? இவ பேரை இன்னைக்கே அடிச்சுடுவேன்."

மேஜை மேல் பரீட்சைக்குப் போகிறவர்களின் பேர் எழுதிய தாளை விரித்தார். மைக்கூட்டைத் திறந்தார். அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"சரி, நீ எடுக்கலைன்னே வச்சுக்குவோம். யார் எடுத்தாங்கன்னு தெரியுமா?"

அவள் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"பாருங்க. இவ்வளவு நேரம் 'நான் எடுக்கலை, நான் எடுக்கலை'ன்னு வாய் நின்னபாடில்லை. இதுக்கு மட்டும் ஒட்டிக்கிச்சு."

தையல்காரருக்கே சந்தேகம் தட்டிவிட்டது. மகளின் அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணு, தெரியாத்தனமா எடுத்திருந்தா குடுத்துடு. நான் ஐயா கால்ல விழுந்து கேட்டுக்கறேன்."

அதுவரை நிமிர்ந்து நின்றவளுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாத்தியார் பேனாவை மையில் தோய்த்தார்.

"ஏங்க."

மனைவி கதவருகே வந்து நின்றாள். கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு தளும்பித் தரையெல்லாம் நனைந்தது.

"ஒண்ணு கேட்கட்டுமா? விடைப் புத்தகம்தான் இல்லையே. இவ எழுதினது எல்லாம் சரின்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? படிச்சுப் பார்த்தேன். இத்தனை வருஷமா சொல்லிக் குடுக்கறவனுக்குத் தெரியாதா?"

"உங்களுக்கே தெரியும்னா, அந்தப் புத்தகத்துக்கு எதுக்கு இந்தப் பாடு?"

பேனா முனையிலிருந்து ஒரு சொட்டு மை மேஜையில் விழுந்தது.

வாத்தியார், அவள் விடை எழுதியிருந்த சிலேட்டை எடுத்து மறுபடி படித்தார். உதடு அசைய, ஒவ்வொரு வரியாக.

"இதை இப்படியும் திருத்தலாம்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை, ஐயா. முன்னெல்லாம் பிரம்பு மேலயே கண்ணு இருக்கும். இப்ப வாக்கியத்தைப் பார்க்க முடியுது."

வாத்தியார் பேனாவை வைத்துவிட்டார். தாளை மடித்துப் பெட்டிக்குள் போட்டார்.

"பரீட்சைக்குப் போ. பேரு இருக்கும்."

தையல்காரர் கைகூப்பினார்.

"ஆனா எடுத்தவங்களை நான் விடப் போறதில்லை" என்றார் வாத்தியார். யாரிடமாவது கோபத்தைக் காட்டியாக வேண்டும்போல் இருந்தது அவருக்கு. "நாளைக்கு வீட்டையே சல்லடை போட்டுத் தேடுறேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார்.

தரையில் கிடந்த பலப்பத்தை மனைவி குனிந்து பொறுக்கிக் கொடுத்தாள். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதே, கண்ணு" என்றாள்.

பெண் பையை மாட்டிக்கொண்டாள். அப்பா படியிறங்கும் வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னாள்:

"நான் உட்கார்ற இடத்திலேர்ந்து பார்த்தா அடுக்களை நல்லாத் தெரியும்மா. அதை இன்னைக்கே மாவுப் பானையிலேர்ந்து எடுத்துடுங்க."