செந்நாவனின் மறுப்பு

இணையக் கலைக்களஞ்சியத்தில் செந்நாவனைப் பற்றிய கட்டுரையைக் கலைமதி தன் சொந்தப் பெயரிலேயே திருத்திவந்தாள். அவள் கல்லூரியில் தத்துவம் கற்பிப்பவள். ஒடுக்கியவனின் ரத்தம்தான் ஒடுக்கப்பட்டவனைக் கழுவும் என்பது தத்துவவாதி செந்நாவனின் புகழ்பெற்ற கருத்து. பின்னாளில் அவரே அதைத் தவறென்று மறுத்து எழுதியிருந்ததைக் கண்டுபிடித்து அவள் கட்டுரையின் கடைசிப் பகுதியில் சேர்த்தாள்.

மறுநாள் தனுஷ்கோடி அவள் வீட்டுக்குள் புகுந்தார். அந்தக் கருத்தை நம்பி ஒரு பண்ணையாரை வெட்டிக் கொன்று, ஆயுள் தண்டனை அனுபவித்துவிட்டு வந்தவர் என்று ஊருக்கே தெரியும்.

"அத அழி."

"அவரே எழுதுனதுங்க. நான் எப்படி அழிக்க?"

மேசையில் திறந்திருந்த மடிக்கணினியின் மூடியை, விசைப்பலகைமேல் இருந்த அவளுடைய வலது கை விரல்கள்மேல் ஓங்கி அறைந்தார். எலும்பு முறிந்தது. மூடியைத் தூக்கி மறுபடியும் அறைந்தார்.

"அப்ப நான் எதுக்கு வெட்டுனேன்? நான் ஜெயிலுக்குப் போனப்புறம் மனசு மாறிட்டாரா?"

ஆமாம் என்று சொன்னால் போய்விடுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

"இல்ல. நீங்க வெட்டுறதுக்கு முந்துன வருசமே எழுதிட்டாரு. சின்னப் பத்திரிகை. யாரும் படிக்கல."

தனுஷ்கோடி சுவரில் தலையை மோதினார். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் வழியும்வரை மோதிக்கொண்டேயிருந்தார். பிறகு வந்து, விரிசல் விட்ட மூடியை மெல்லத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"எங்கயோ கீழ கெடந்தா எவன் படிப்பான் டீச்சர்? அத மொத வரியில போடு."

அவள் இடது கையால் எழுதத் தொடங்கினாள்.