பாதிப் பெட்டி

மாக்கிரட் பெட்டியில் பாதியைக் காலியாக விட்டு மூடினாள்.

பழக்கதோஷம். ஊருக்குப் போகிற ஆளின் பெட்டியில் பாதி மற்றவர்களுக்குத்தான். கனடாவில், மொன்றியலில் ஒருத்தர் டிக்கெட் எடுத்தார் என்று கேள்விப்பட்டால் போதும், ஞாயிறு பூசை முடிந்த கையோடு பார்சல்கள் வந்து குவிந்துவிடும். தாய்க்கு மூட்டுவலித் தைலம், தம்பிக்குச் சப்பாத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொக்லேட்.

இந்த முறை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

எப்படிப் பார்ப்பார்கள்? அவளுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே அரசாங்கம். நகரத்தின் கர்க்லாண்ட் பக்கம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போன வீட்டில் தங்கச் சங்கிலியை எடுத்தாள். பிடிபட்டாள். மறியலில் கம்பி எண்ணினாள். இப்போது நாடு கடத்துகிறார்கள். பின்னேரம் விமான நிலையத்தில் அதிகாரி காத்திருப்பார்.

திரும்பிப் போவதுகூட அவளுக்குப் பெரிதில்லை. மன்னாரில், சொந்த ஊரான வங்காலையில் போய் இறங்கியதும், யார் யார் என்ன தந்துவிட்டார்கள் என்றுதான் ஊர் கேட்கும். ஒரு பார்சலும் இல்லாத பெட்டியைத் திறந்தால் எல்லாம் விளங்கிவிடும். அதற்குத்தான் பயந்தாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

வாசலில் நிரஞ்சனி. அந்தக் கர்க்லாண்ட் வீட்டுக்காரி, அவளும் வங்காலைக்காரிதான். நீதிமன்றத்தில் மாக்கிரட்டை விரல் நீட்டிக் காட்டியவள்.

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். தானே பெட்டியைத் திறந்து, கொண்டுவந்ததை அடுக்கினாள். தைலம், விட்டமின் போத்தல்கள், மன்னார் வெயிலுக்கு எதற்கோ ஒரு கம்பளிச் சட்டை.

"அம்மாட்டைக் குடுத்துவிடுங்கோ அக்கா. வேறை ஆர் இப்ப வங்காலைக்குப் போகினம்?"

மாக்கிரட் தைலப் போத்தலை எடுத்து ஒரு துணிக்குள் சுற்றி வைத்தாள்.

நிரஞ்சனி கைப்பைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். மடுமாதா பதக்கம் கோத்த சங்கிலி. மாக்கிரட் அதைக் கடைசியாகக் கண்டது நீதிமன்ற மேசையில், ஒரு பிளாஸ்டிக் பைக்குள்.

"இதையும் அம்மாட்டைக் குடுங்கோ" என்றாள் நிரஞ்சனி. மாக்கிரட் கம்பளிச் சட்டையை விலக்கி, பெட்டியின் ஒரு மூலையில் அதற்கு இடம் ஒதுக்கினாள்.

"ஐயோ, உதுக்குள்ளை வையாதேங்கோ அக்கா, வழியிலை கள்ளர் எடுத்துப்போடுவாங்கள். கழுத்திலை போட்டுக்கொண்டு போங்கோ."

மாக்கிரட் தலைமயிரை ஒதுக்கிக் குனிந்தாள். நிரஞ்சனி பின்னால் வந்து கொக்கியை மாட்டினாள். சரியாகப் பூட்டுப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.