பத்தாம் எண் சட்டை

"நாளைக்கு நாலு மணிக்கு கிளப்புக்கு வந்துடு லோபினி. நல்ல சட்டையா போட்டுட்டு வா. உங்கம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாத."

இவ்வளவுதான் சொன்னார் மேனேஜர் பார்னபி. போனை வைத்ததும் லோபினி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல் நாலு முறை குதித்தான். நூற்றுப் பன்னிரண்டு கிலோ சத்தம் வராமல் குதிப்பது நடக்கிற காரியமா?

"உள்ள என்னடா இடி விழுது?" என்று சமையலறையிலிருந்து அம்மா செய்னி கத்தினாள்.

"சோப்பு வழுக்கிடுச்சும்மா!"

பெலிகன்ஸ் கிளப்பின் இரண்டாம் அணியில் இரண்டு வருஷமாக முட்டி மோதிக்கொண்டிருப்பவன் லோபினி. ரக்பி லீக்கில் முன்வரிசை ஆளுக்கு வேறென்ன வேலை? முதல் அணியில் ஒருவன் முழங்கால் போய்ப் படுத்துவிட்டான். காலியான அந்த ஒரே இடத்துக்கு லோபினியும் டார்சியும் போட்டி. மாற்று ஆளாக பெஞ்சில் உட்கார வைத்தால்கூடப் போதும் என்றுதான் லோபினி வேண்டிக்கொண்டிருந்தான்.

முதல் அணிக்குப் புதிதாக ஏறுபவருக்கு ஆட்டத்துக்கு முந்தின நாள், வீட்டு ஆள் ஒருவர் தன் கையால் அணிச் சட்டை கொடுக்க வேண்டும். அதுவரை பரம ரகசியம். இது கிளப் வழக்கம்.

லோபினிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அம்மாவையும் தனியாகக் கூப்பிட்டு, 'பையனிடம் சொல்லாதே' என்றிருப்பார்கள். மாட்டுச்சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிற மாதிரி, இரண்டு பேரும் முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது.

அம்மாவுக்கு இது வர வேண்டிய மரியாதைதான். விமான நிலையத்தில் நாளெல்லாம் பெட்டிகளைத் தலையணை மாதிரி தூக்கி எறிகிறவள். வாரத்தில் மூன்று நாள் ஓவர்டைம் வேறு. அதற்கும் மேல், மகன் மோதிப் பழகட்டும் என்று கொல்லைப்பக்கம் மெத்தைப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காது வீங்கிப்போயிற்று. போன வாரம் அவன் மோதாத நாளிலும் கன்னத்தில் ஒரு காயம். கேட்டால், சூட்கேஸ் சரிந்துவிட்டது என்றாள்.

காலையில் தட்டில் சேப்பங்கிழங்கு இலையில் சுற்றி வேகவைத்த இறைச்சி அப்படியே கிடந்தது.

"ஏன்டா சாப்பிடல? உடம்பு சரியில்லையா?"

"நீயும்தான் சாப்பிடல. இன்னிக்கு என்னம்மா விசேஷம்?" என்று லோபினி கண்ணடித்தான்.

"என்ன விசேஷம்? ஓவர்டைம். கண்ணுல என்னடா, தூசியா?"

என்ன நடிப்பு! லோபினி உள்ளுக்குள் மெச்சிக்கொண்டான்.

மூன்றரை மணிக்கே போய் நின்றான். வண்டி நிறுத்துமிடத்தில் டார்சி எதிர்ப்பட்டான்.

"என்னடா, இஸ்திரி போட்ட சட்டை? யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லடா, உனக்குக் கருமாதி. பூ வாங்கிட்டு வர மறந்துட்டேன்."

டார்சி முகத்தில் ஈயாடவில்லை. அந்த ஒரு நொடிக்கே இரண்டு வருஷ உழைப்பு வசூலாகிவிட்டதாக லோபினிக்குத் தோன்றியது.

கூடத்தில் முப்பது நாற்காலி. முன்வரிசை முழுக்கப் பெண்கள், ஆளுக்கொரு தடித்த கழுத்து. ஆட்டக்காரர்களின் மனைவிமார் போலிருக்கிறது, பாவம், பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வந்தார்களோ என்று அவர்களைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சிரித்தான்.

பார்னபி அவன் கையில் மடித்த சட்டையை வைத்தார். "தம்பி, நாலு வார்த்தை பேசிட்டு, அப்புறமா..."

அப்புறமா என்ன என்பதையெல்லாம் யார் கேட்டார்கள்? பிரித்தான். முதுகில் பத்து! பெஞ்சு எண் இல்லை, ஆட்டம் தொடங்கும்போதே களத்தில் நிற்கிற எண். கொசுறு கேட்டவனுக்கு மூட்டையையே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

"இது என் உழைப்பு மட்டும் இல்ல," என்று ஆரம்பித்தான். "எங்கம்மா வாங்கின அடி. அவங்க காதைப் பாருங்க, தெரியும்!"

முன்வரிசைப் பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி விசிலே அடித்தாள். அந்த உற்சாகத்தில் சட்டையைத் தலை வழியாக மாட்டினான்.

தோளோடு நின்றுவிட்டது. கிளப்புக்காரர்கள் துணியிலும் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். எங்கோ தையல் விட்டது. இரண்டு கையும் மேலே, முகம் பாதி உள்ளே. அந்தக் கோலத்தில் நின்றபோதுதான் கதவு திறந்தது. வேலை உடுப்போடு செய்னி வாசலில் நின்றாள். அவனைப் பார்த்தாள், முன்வரிசையைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அம்மா! பாத்தியா, பத்து!" என்று சட்டைக்குள்ளிருந்து லோபினி அலறினான்.

 பார்னபி மெல்ல வந்து, அவன் காது எங்கே இருக்கிறதென்று துணியின் மேலாகத் தடவிப் பார்த்து, அங்கே குனிந்தார்.

"கிழிக்காம கழட்டிக் குடு தம்பி. நாளைக்கு பொம்பளைங்க டீம்ல அதைப் போட்டுட்டு எறங்கப் போறது உங்கம்மா."