காட்டிய கை

ஊரில் மனுஷனுக்காக ஒரு வண்டியும் நிற்காது என்பது ஓஸ்லோவில் ஜெயசிங் எல்லாரிடமும் சொல்லும் குறை. அம்மாவின் அடக்கத்துக்கு நாகர்கோவில் போனபோதும், கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே ரோட்டைக் கடக்கமுடியாமல் நின்றுவிட்டான். லில்லி அக்கா அவன் கையைப் பிடித்தாள்.

"என்னத்துக்கு நிக்க? கையக் காட்டிட்டு நட."

"நிப்பாட்டுவானா?"

"நிப்பாட்ட மாட்டான். ஒன்னப் பாத்து வளைஞ்சு போவான்."

பஸ்ஸும் லாரியும் அவர்களைப் பார்த்துப் பார்த்து வளைந்து போயின.

ஓஸ்லோவுக்குத் திரும்பிய மறுநாள், அவன் ரோட்டில் கால் வைக்குமுன்பே ஒரு கார் நின்றது. ஓட்டி வந்தவள் அவனைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி ரோட்டில் ஜெயசிங்கின் கை தானாக உயர்ந்தது. அவள் பார்க்கட்டும் என்று, இறக்காமல் அங்கேயே நின்றான்.