ஆறாவது பீப்பாய்

என் புருஷனுக்குத் திருட்டு முழி என்று லண்டனிலிருந்து வந்த டைரக்டர் கண்டுபிடித்தபோது காலை மணி பத்தரை.

"கடைசியில நிக்கிறியே, உன்னைத்தான்! மூஞ்சியிலயே கடத்தல்காரன்னு எழுதி ஒட்டியிருக்கு. முன்னாடி வாய்யா!" என்று தகரக் குழாயில் கத்தினார்.

தோளில் பீப்பாயோடு நின்ற ஹெட்லி என்னைப் பார்த்தான்.

படத்தில் காட்சி இவ்வளவுதான். வெள்ளைக் கையுறை போட்ட துப்பறியும் கனவான் ஒருவர், கடலோரத்திலிருந்து எங்கள் சந்தில் ஏறி வரும் ஆறு கடத்தல்காரர்களை வழிமறிப்பார். முதல் ஆளின் பீப்பாயில் தக்கையைப் பிடுங்கி, ஒரு கையுறையைக் கழற்றி, விரலை விட்டு நக்கிப் பார்த்து, "பிராந்தி! பிரெஞ்சு பிராந்தி!" என்பார். படக் கம்பெனி கொண்டுவந்த ஆறு பீப்பாயிலும் பச்சைத் தண்ணீர்தான்.

ஐந்தில்தான் தண்ணீர். ஆறாவது எங்களுடையது.

சுங்க அதிகாரி கார்லண்ட் மீன் கிடங்குகளைச் சோதனை போட வருகிறார் என்று அன்று விடிந்ததும் சேதி வந்தது. உடனே ஹெட்லிக்கு மூளை வேலை செய்தது. படக்காரர்களின் பீப்பாய் ஒன்றைக் கிடங்கில் உருட்டிவிட்டு, எங்கள் பீப்பாயை அந்த வரிசையில் வைத்துவிட்டான்.

"கடைசி ஆளா நான் நிக்கிறேன், லவ்டே. நம்மளத எவன் தொடப்போறான்?" என்றான்.

அதிபுத்திசாலி. தலையாட்டிய நானும் அதற்குக் குறைந்தவள் இல்லை.

பிடிபட்டால் படகு போய்விடும். ஹெட்லி ஜெயிலுக்குப் போவான். அதுவும் ஏற்கெனவே ஒருமுறை போய் வந்தவன். இந்தத் தடவை இரண்டு வருஷத்துக்குக் குறையாது.

கிடங்குகளில் மீன் நாற்றத்தைத் தவிர ஒன்றும் கிடைக்காத கார்லண்ட், பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை. படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கக் கேமராவுக்குப் பின்னால் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். போன மாதம்தான் எங்கள் ஊரான போல்காருக்கு மாற்றலாகி வந்த மனிதர். அளந்துதான் பேசுவார். எந்த ஊர்க்காரர் என்றுகூட யாருக்கும் தெரியாது.

சந்தின் சுவரோரம் எங்கள் ஊர்ப் பெண்கள் பத்துப் பேரை நிறுத்தியிருந்தார்கள். கடத்தல்காரர்களைக் கண்டு மிரள வேண்டும். எனக்கு அதற்குத் தனியாக நடிப்பு தேவைப்படவில்லை.

டைரக்டர் கையை அசைத்தார். பீப்பாய்கள் ஏறி வந்தன. நாங்கள் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. எங்கள் ஊரில் ஒருவன் தோளில் பீப்பாயோடு வந்தால் முகம் தானாகச் சுவருக்குப் போய்விடும். நாளைக்கு எவனாவது கேட்டால், பைபிள்மேல் கைவைத்து "நான் யாரையும் பார்க்கவில்லை" என்று சொல்லலாம். பொய்யும் இல்லை, பாவமும் இல்லை. தொட்டில் பழக்கம்.

"சுவத்துல என்னம்மா தெரியுது? இந்தப் பக்கம் பாருங்க!"

லண்டன்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கார்லண்ட் மட்டும் சிரிக்கவில்லை. எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். போச்சு, இந்த ஆளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டாம் முறை கழுத்தைப் பிடித்து நிறுத்தியதுபோல் நேராக நின்றேன். துப்பறியும் கனவானாக நடித்த ஏவரில், ஹெட்லியை மறித்தார். தக்கையைப் பிடுங்கினார். விரலை விட்டு நக்கினார்.

அப்படியே நின்றுவிட்டார். அவருடைய ஒற்றைக்கண் கண்ணாடி கழன்று விழுந்தது.

"பிராந்தி..." என்றார், கும்பிடாத குறையாக. "கடவுளே, பிரெஞ்சு பிராந்தி!"

டைரக்டர் துள்ளிக் குதித்தார். "பாருங்கய்யா! பச்சைத் தண்ணிய நக்கிட்டு என்னமா நடிக்கிறார் மனுஷன்!"

"எனக்குத் திருப்தியா இல்ல. இன்னொரு தடவை எடுக்கலாமே" என்றார் ஏவரில்.

இன்னும் மூன்று தடவை எடுத்தார்கள். மூன்றாவதில் விரலெல்லாம் போய், பீப்பாயைச் சாய்க்கச் சொல்லி உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார். அதற்குள் வாசனை சந்து முழுக்கப் பரவிவிட்டது.

கார்லண்ட் கைக்கட்டை அவிழ்த்தார். மெதுவாக நடந்து ஹெட்லியிடம் வந்தார். விரலை விட்டார். நாக்கில் வைத்தார்.

எனக்கு ஜெயில் கதவு சாத்துகிற சத்தமே கேட்டுவிட்டது.

கார்லண்ட் ஏவரிலின் கையிலிருந்து தக்கையை வாங்கி, துவாரத்தில் வைத்து, உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். பிறகு எங்கள் பக்கம் வந்தார். விசில் எடுக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடுத்த காட்சி! கைதான ஆறு பேரும் பீப்பாயோட மேல ஏறிப் போறீங்க. கேமரா ஓடுது, நடங்க!" என்று தகரக் குழாய் அலறியது.

ஆறு பேரும் நடந்தார்கள். ஹெட்லியின் பூட்ஸ் சத்தம் என்னைத் தாண்டி மேலே போனது. யாரும் அவனை நிறுத்தவில்லை. ஒரு விசிலும் கேட்கவில்லை. போன உயிர் வந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கண்ணைத் திறந்தேன்.

டைரக்டர் கத்திக்கொண்டிருந்தார். "நிறுத்துங்க, நிறுத்துங்க! யோவ் ஆபீசர், உமக்குமா இந்த வியாதி? இந்தப் பக்கம் திரும்பும்யா!"

எனக்குப் பக்கத்தில், தொப்பியைக் கையில் பிடித்தபடி, மூக்கு கல்லில் இடிக்காத குறையாகச் சுவரைப் பார்த்து நின்றிருந்த கார்லண்ட், கடைசிப் பீப்பாய் வளைவு தாண்டும்வரை திரும்பவே இல்லை.